சிதி முபாரக் பம்பாய்: பயண நூல்களில் ஒரு சிப்பாய்

கிழக்கு ஆப்பிரிக்கத் திருச்சபையின் வரலாற்றைக் கற்பிக்கப் புகுவோர் 19ஆம் நூற்றாண்டின் ஆங்கிலப் பயண நூல்களை ஒதுக்கிவிட இயலாது. 1877இல் உகாண்டா அரசன் முத்தேசாவின் தலைநகரை அடைந்த அருட்பணியாளர், தமக்கு முன் நில ஆராய்ச்சியாளர் நடந்து எழுதிவைத்த செய்திகளை நம்பியே புறப்பட்டனர். அவ்வாறு எழுதியோருள் நால்வர் தலையாயவர். ரிச்சர்ட் பர்ட்டனின் ‘மத்திய ஆப்பிரிக்காவின் ஏரிநாடுகள்’ 1860இல் வெளிவந்தது. ஜான் ஹானிங் ஸ்பீக் நைல் ஊற்றைக் கண்டுபிடித்த பயணத்தைப் பற்றி 1863இல் ஒரு நூலும், அதற்கு முந்திய தமது பயணங்களைப் பற்றி 1864இல் மற்றொரு நூலும் வெளியிட்டார். ஹென்றி ஸ்டான்லி தாம் லிவிங்ஸ்டனைக் கண்ட கதையை 1872இல் எழுதினார். வெர்னி லவெட் காமரனின் ‘ஆப்பிரிக்காவின் குறுக்கே’ 1877இல் வந்தது.

இவ்வாசிரியர்கள் ஒரே மனமுடையோரல்லர். பர்ட்டனும் ஸ்பீக்கும் நண்பராய்ப் புறப்பட்டுப் பகைவராய் முடிந்தனர். ஸ்டான்லியை இங்கிலாந்தின் நிலநூலார் முதலில் ஐயத்துடனேயே நோக்கினர். நடையிலும் நோக்கிலும் வேறுபட்ட இந்நூல்கள் அனைத்திலும் தொடர்ந்து வரும் ஆள் ஒருவர் உண்டு. அவர் சிதி முபாரக் பம்பாய் என்னும் ஆப்பிரிக்கச் சிப்பாய். ஆங்கிலேயர் அவரைப் ‘பம்பாய்’ என்றே அழைத்தனர். நகரத்தின் பெயரோடு மயங்காதிருக்க நாம் முபாரக் என்றே குறிப்பிடுவோம்.

இந்நூல்களைப் பற்றி நாம் கூற விரும்புவது இதுவே. அவை முபாரக்கைப் புகழும் இடங்களையும் இகழும் இடங்களையும் பிரித்தெடுத்து, புகழ்ந்தவர் நல்லவர், இகழ்ந்தவர் கொடியவர் என்று தீர்ப்பளிப்பது எளிது. அது பயனற்ற வாசிப்பு. இருசாராரும் எஜமானின் அளவுகோல் ஒன்றையே கையில் வைத்திருக்கின்றனர். அவர் இந்நூல்களில் வரும் ஒரு பாத்திரம் என்பதைவிட, இந்நூல்களின் செய்திகளுக்கே ஓர் ஆதாரம் என்று கொண்டு படித்தால்தான் நூல்கள் தம் உண்மையான தன்மையைக் காட்டும்.

முபாரக்கின் இளமையைப் பற்றி நமக்குக் கிடைத்திருப்பது ஸ்பீக் 1864இல் வெளியிட்ட நூலில் உள்ள ஒரு சிறு பகுதியாகும். அது முபாரக்கே தன்மையில் கூறுவதுபோல் அமைந்தது. அவர் யாவோ இனத்தவர். தாயை மிகச் சிறு வயதிலேயே இழந்தார். அவருக்கு ஏறத்தாழப் பன்னிரண்டு வயதானபோது கடற்கரைப் பகுதியின் சுவாஹிலி வணிகர் வாளும் துப்பாக்கியும் ஏந்திக் கிராமத்தைச் சூழ்ந்துகொண்டனர். பஞ்சக் காலத்தில் கடனாகக் கொடுத்த துணிக்கும் மணிக்கும் அக்கணமே ஈடு கேட்டனர். கொடுக்க எவரிடமும் ஒன்றுமில்லை. மக்கள் ஓடினர், பெரும்பாலோர் பிடிபட்டனர். தந்தை என்னவானார் என்பதை மகன் மீண்டும் அறியவேயில்லை. சங்கிலியாலும் கயிற்றாலும் பிணைக்கப்பட்டவர்கள் கில்வாத் துறைமுகத்துக்கு நடத்திச் செல்லப்பட்டு, அங்கிருந்து சான்சிபாருக்குக் கப்பலேற்றப்பட்டனர். சந்தையில் ஓர் அரபு வணிகர் சிறுவனை வாங்கி இந்தியாவுக்குக் கொண்டுசென்றார். பல ஆண்டுகளுக்குப் பின் எஜமான் இறந்தபோது முபாரக் விடுதலை பெற்றார். சான்சிபாருக்குத் திரும்பிச் சுல்தானின் படையில் சேர்ந்தார். அரை வயிற்றுக் கஞ்சியோடு காலங்கழித்தார். சோக்வேக் காவல் நிலையத்தில் ஸ்பீக் தம்மைக் கண்டெடுத்த நன்னாளில் வாழ்வு பெற்றார் என்று கதை முடிகிறது.

இப்பகுதியை மேற்கோள் காட்டாத ஆய்வாளர் அரிது. அதன் நடையை ஊன்றிக் கவனித்தோர் அதனினும் அரிது. கொள்ளைக்காரர் கேட்ட கடனின் நியாயத்தை எவரும் மறுத்துரைக்க வழியில்லை என்னும் கருத்து, நீதிமன்ற வழக்கறிஞர் பேசும் சொற்களில் அமைந்திருக்கிறது. தந்தை ஓடித் தப்பியிருக்கக்கூடும் என்பதைச் சொல்ல, அக்கால ஆங்கிலப் பேச்சுவழக்கின் கேலித் தொடர் ஒன்று ஆளப்படுகிறது. தகப்பனை இழந்த சிறுவன் நாற்பது வயதை நெருங்கும்போது அவ்விழப்பை நினைந்து பேசும் மொழி இதுவாக இருக்க முடியுமா? ஸ்பீக்குக்குச் சுவாஹிலி மொழி தெரியாது. முபாரக்குக்கு ஆங்கிலம் தெரியாது. இருவரும் பேசிக்கொண்டது இந்துஸ்தானியில். ஸ்பீக் வங்காளப் படையில் அதிகாரியாயிருந்தபோது கற்றதும், முபாரக் அடிமையாய் இந்தியாவில் வாழ்ந்தபோது கற்றதுமான மொழி அது. இருவருக்கும் தாய்மொழியல்லாத அம்மொழியில் கூறப்பட்டதை, ஸ்பீக் தம் சமூகத்து வாசகருக்குச் சுவைபட ஆங்கிலத்தில் அமைத்துக்கொண்டார். அருட்பணிச் சங்கங்களின் பழைய அறிக்கைகளில் புதிதாய்க் கிறிஸ்தவர்களானோரின் சாட்சியங்களைப் படித்தோர் இவ்வகை நடையை உடனே இனங்கண்டுகொள்வர். பேசுபவர் ஒருவர், பேச்சின் உருவம் வேறொருவருடையது.

இருந்தும் அந்தக் கடன் பற்றிய செய்தியை ஸ்பீக் கற்பனை செய்திருக்க முடியாது என்றே நாம் எண்ணுகிறோம். பஞ்சத்தில் துணியும் மணியும் கடனாகக் கொடுத்துவிட்டு, பின்னர் ஆட்களையே வட்டியும் முதலுமாய்ப் பிடித்துச் செல்லும் முறை, அடிமை வாணிகத்தை உள்ளிருந்து அறிந்த ஒருவர் சொல்லக்கூடிய செய்தி. கடனின் நியாயத்தைப் பற்றிய கூற்றும்கூட முபாரக்கின் கசப்பான எள்ளலாக இருந்திருக்கலாம். எள்ளலைச் சொன்னவர் யார் என்பதைப் பிரித்தறிய முடியாதபடி எஜமானின் பேனா அதன்மீது படிந்துவிட்டது. அவருக்குப் பெற்றோர் இட்ட பெயரை இந்நூல்களுள் எதுவும் கூறவில்லை என்பதையும் இங்கே கவனிக்க வேண்டும். ‘சிதி’ இந்தியாவில் ஆப்பிரிக்கருக்கு வழங்கிய பொதுப்பெயர். ‘முபாரக்’ அரபுச் சொல், ஆசீர்வதிக்கப்பட்டவன் என்று பொருள்படும். ‘பம்பாய்’ கடல்கடந்த ஒரு நகரத்தின் பெயர். மூன்று சொற்களும் அடிமைச் சந்தைக்குப் பின் வந்தவை.

இம்மொழிச் சிக்கல் ஒருவருடைய வாழ்க்கைக் கதையோடு நின்றுவிடவில்லை. ஐரோப்பாவின் நிலநூலையே அது ஆட்டிவைத்தது. பர்ட்டன், ஸ்பீக் ஆகியோரின் பயணத்துக்குத் தூண்டுகோலாயிருந்தது மொம்பாசாவை அடுத்த ரபாய் ஊழியத்தலத்திலிருந்து வந்த ஒரு வரைபடமாகும். சபை அருட்பணிச் சங்கத்தைச் சேர்ந்த ஏர்ஹார்ட், ரெப்மான் ஆகிய ஜெர்மானிய ஊழியர் இருவர், ஆப்பிரிக்க, அரபு வணிகர் சொல்லக் கேட்டு, நத்தையுடலைப் போன்ற மாபெரும் உள்நாட்டுக் கடல் ஒன்றை அதில் தீட்டியிருந்தனர். அதைச் சோதிக்கவே இராயல் புவியியல் கழகம் பர்ட்டனை அனுப்பியது. கேட்டதை வரைந்த ஊழியர்களை ஐரோப்பிய அறிஞர் சிலர் நகைத்தனர். ஆனால் நேரில் காணச் சென்றவர்களும் கேட்டறிந்தே எழுத நேர்ந்தது.

1858 பிப்ரவரியில் இருவரும் டாங்கனிக்கா ஏரியை அடைந்தனர். ஏரியின் வடமுனையில் உள்ள ருசிசி ஆறு ஏரியிலிருந்து வெளியே பாய்கிறதா, ஏரிக்குள் வந்து விழுகிறதா என்பதே கேள்வி. வெளியே பாய்ந்தால் அது நைலாக இருக்கக்கூடும். ஏரியைக் கடந்து சென்று ஓர் அரபு வணிகரைக் கண்டுவந்த ஸ்பீக், ஆறு வெளியே பாய்கிறது என்னும் செய்தியைக் கொண்டுவந்தார். பின்னர் முபாரக், அவ்வணிகர் சொன்னதன் பொருள் அதற்கு நேர்மாறானது என்றார். வடக்கே சென்றபோது அங்குள்ள தலைவனின் மக்களும் ஆறு ஏரிக்குள்ளேயே விழுகிறது என்று உறுதிகூறினர். அதாவது, எஜமானர் இருவரும் மிகவும் விரும்பிய விடையைத் திருத்தியவர் மொழிபெயர்ப்பாளராகிய சிப்பாயே.

அதே ஆண்டு பர்ட்டன் கசேயில் தங்கிவிட, ஸ்பீக் முபாரக்குடன் வடக்கே நடந்து ஆகஸ்ட் 3ஆம் நாள் மற்றொரு பேரேரியைக் கண்டார். அதற்கு விக்டோரியா என்று பெயரிட்டார். ஏரி எவ்வளவு தூரம் நீள்கிறது என்று முபாரக் வழியாகக் கேட்டபோது, உள்ளூர் மனிதர் ஒருவர் வடக்கு நோக்கிக் கையை நீட்டி, விரலைச் சொடுக்கி, உலகின் எல்லைவரை போகும் என்னும் பொருள்படப் பதிலளித்தாராம். அவ்வளவே. இதுவே நைலின் ஊற்று என்று ஸ்பீக் துணிந்தார். பர்ட்டன் ஏளனம் செய்தார். ஸ்பீக்கின் கேள்வி இந்துஸ்தானியில் முபாரக்கை அடைந்து, முபாரக்கின் சுவாஹிலியில் மற்றொருவரை அடைந்து, அவர்வழி உள்ளூர் மொழியில் சென்று, விடையும் அதே படிகளில் இறங்கி வருவதால் உருக்குலைந்து போகிறது என்று அவர் வாதிட்டார். பன்மொழிப் புலவராகிய பர்ட்டனின் இவ்வாதம் கூர்மையானது. ஆயினும் தமது நூலின் பக்கங்களை நிரப்பிய செய்திகளில் எத்தனை இதேபோன்ற படிகளில் இறங்கி வந்தவை என்பதை அவர் அத்தனை கண்டிப்புடன் தம்மிடமே கேட்டுக்கொள்ளவில்லை. அடிக்குறிப்புகளை அள்ளிச் சொரியும் புலமை சில வேளைகளில் இத்தகைய கேள்வியை மூடிவிடும்.

பூசல் ஆண்டுக்கணக்கில் நீண்டது. 1864 செப்டம்பர் 16ஆம் நாள் பாத் நகரில் இருவரும் அறிஞர் அவையில் வாதிட ஏற்பாடாகியிருந்தது. முந்திய நாள் வேட்டைக்குச் சென்ற ஸ்பீக் தம் துப்பாக்கிக் குண்டினாலேயே இறந்தார். வாதம் நடந்திருந்தாலும், இருவரின் சாட்சியத்துக்கும் நடுவே நின்ற மூன்றாவது ஆள் சான்சிபாரில்தான் இருந்தார். அவரை அழைத்துக் கேட்க வேண்டும் என்னும் எண்ணம் அவ்வழக்கில் இடம்பெறவில்லை.

ஸ்பீக்கின் 1863ஆம் ஆண்டு நூலில் ஒரு நிகழ்ச்சி உண்டு. அது நம்மைப் பெரிதும் கலக்குகிறது. உகாண்டா நாட்டுக்குள் சென்றபோது முபாரக் ஒரு கட்டளைக்குப் பணிய மறுத்தார். ஸ்பீக் தம் கையாலேயே அவரை முகத்தில் குத்தினார். பின்னர் அதற்கு நியாயம் எழுதுகிறார். தம் கௌரவத்தை இழந்து தாமே கைநீட்டியது அந்த ஒருமுறைதான் என்கிறார். திருடிய ஆட்களுக்கு நூறும் நூற்றைம்பதும் கசையடி விதித்ததுண்டு என்கிறார். ஆனால் முபாரக்குக்குக் கீழ்ப்பட்டவன் எவனும் முபாரக்கை அடிக்கலாகாது, ஆகவே அவ்வேலையைத் தாமே செய்ய நேர்ந்தது என்கிறார். படை ஒழுங்கில் வளர்ந்த ஒருவரின் மனம் இங்கே திறந்து கிடக்கிறது. அடியையே பதவிக்குரிய மரியாதையாக அவர் நேர்மையுடன் நம்புகிறார். இனி ஊழியம் செய்யேன் என்று முபாரக் விலகினார். நசீப் என்னும் முதியவரிடம் அப்பொறுப்பைக் கொடுக்க முற்பட்டபோது, அம்முதியவரே முபாரக்கை இணங்கச் செய்தார்.

ஒன்பதாண்டுக்குப் பின் ஸ்டான்லி சான்சிபாரில் முபாரக்கை அமர்த்திக்கொள்கிறார். அவருடைய தோற்றத்தை வருணிக்கும்போது மேல்வரிசைப் பல்லில் ஓர் இடைவெளி இருப்பதைக் குறிப்பிட்டு, அது உகாண்டாவில் பொறுமையிழந்த ஸ்பீக்கின் முட்டியால் வந்தது என்கிறார். ஒரு நூலில் அடியாக விழுந்தது அடுத்த நூலில் முக அடையாளமாகிவிட்டது. இந்நூல்களைத் தனித்தனியே படிப்போர் இதைத் தவறவிடுவர். அடுத்தடுத்துப் படிப்போருக்கு இலக்கியத்தின் குளிர்ந்த கை தென்படும். ஸ்டான்லியும் முபாரக்கை அடித்ததைத் தம் நூலிலேயே பதிவு செய்திருக்கிறார். முன்னோர் புகழ்ந்த அளவுக்கு இவர் உயர்ந்தவரல்லர் என்பது ஸ்டான்லியின் முடிவு. அது ஒருவேளை உண்மையாகவும் இருக்கலாம். மனிதர் மாறுவர், மூப்படைவர். எனினும் கடுமையான வார்த்தைகளால் பிறரை அளப்பதில் ஸ்டான்லிக்கு இருந்த இன்பத்தை அறிந்தோர் அவருடைய தீர்ப்பைச் சற்றுத் தள்ளிவைத்தே படிப்பர்.

இனி புகழ்ச்சியைப் பார்ப்போம். ஸ்பீக்குடன் கடைசிவரை நடந்து 1863இல் கெய்ரோவை அடைந்தவர்களை அவர் ‘உண்மையுள்ளவர்கள்’ என்னும் பெயரால் குறித்தார். அவர்களுக்குக் கூலியும் கொடுத்துக் கப்பலில் சான்சிபாருக்கு அனுப்பினார். இராயல் புவியியல் கழகம் முபாரக்குக்கு வெள்ளிப் பதக்கம் அளித்தது. 1876இல் ஓய்வூதியமும் ஏற்படுத்தியது. பர்ட்டனுக்கு 1859இலும், ஸ்பீக்குக்கு 1861இலும், ஸ்டான்லிக்கு 1873இலும், காமரனுக்கு 1876இலும் பொற்பதக்கம் கிடைத்தது. நால்வரும் நடந்த தூரத்தை ஒருவராய் நடந்தவருக்கு வெள்ளி.

‘உண்மையுள்ளவர்’ என்னும் சொல் நமது செவிக்கு இனியது. தாலந்துகளின் உவமையை நினைவூட்டுவது. அதனாலேயே நாம் எச்சரிக்கையாயிருக்க வேண்டும். லிவிங்ஸ்டனின் உடலைச் சுமந்து கடற்கரை சேர்த்த சூசியையும் சூமாவையும் பற்றி எத்தனையோ பிரசங்கங்களில் கேட்டிருக்கிறோம். அவர்கள் புகழுக்கு உரியவர்களே. ஆனால் அவர்களை நாம் நினைப்பது பெரும்பாலும் அவர்கள் சுமந்த சுமையினால். மூன்று கடல்களைக் கண்ட முபாரக் ஓர் ஊழியரின் உடலைச் சுமக்கவில்லை, அவர் முகமதியர், ஆகவே நமது பாடநூல்களில் அவருக்கு இடமில்லாமற் போயிற்று. பணிவைத் தவிர வேறெதையும் ஆப்பிரிக்க மனிதரிடம் தேடாத நினைவு, ஸ்பீக்கின் நினைவிலிருந்து வெகுதூரம் விலகியதன்று. முபாரக்கின் செயல்களில் பணிவு மட்டுமா உள்ளது? எஜமானர் விரும்பிய விடையைத் திருத்தும் அறிவும், அடிபட்டபின் ஊழியத்தை உதறும் மானமும் அதே பக்கங்களில் இருக்கின்றன.

அண்மைக்கால நூலாசிரியர் இவ்வகையில் நல்ல பணி செய்துள்ளனர். டொனால்டு சிம்ப்சன் 1975இல் வெளியிட்ட நூல் கிழக்கு ஆப்பிரிக்க ஆராய்ச்சிப் பயணங்களில் பங்குகொண்ட ஆப்பிரிக்கரைப் பெயர் பெயராகத் திரட்டித் தந்தது. அதன் தலைப்பு அவர்களை இன்னும் ‘கரிய துணைவர்’ என்றே அழைப்பது வருந்தத்தக்கது. 2009இல் இராயல் புவியியல் கழகமே ஆராய்ச்சிப் பயணங்களின் மறைந்த வரலாறுகளைப் பற்றி ஒரு கண்காட்சி நடத்தியது. 2022இல் காண்டிஸ் மில்லர்ட் எழுதிய நூல் பர்ட்டன், ஸ்பீக் ஆகியோருக்கு ஈடாக முபாரக்கையும் நிறுத்துகிறது. மாணவர் இந்நூலைப் படிப்பது நலம். ஆயினும் அவருடைய உள்ளத்தைச் சித்திரிக்கும் இடங்களில் அவ்வாசிரியரும் நாம் மேலே ஆராய்ந்த அதே ஸ்பீக்கின் பகுதியையே சார்ந்து நிற்கிறார் என்பதை மறத்தலாகாது. ஆதாரம் ஒன்றாயிருக்கும்போது அதன் நடையை ஆராயாமல் அன்பை மட்டும் கூட்டுவதால் குறை தீராது.

காமரனின் நூலைப் பற்றி நீட்டிப் பேசத் தேவையில்லை. நால்வருள் அவரே எழுத்தில் எளியவர், மற்றவர்களினும் சற்று மென்மையானவரும்கூட. முபாரக் முன்போல் சுறுசுறுப்பாயில்லை என்று அவரும் குறைகூறுகிறார். 1873 அக்டோபரில் உன்யன்யெம்பேயில் லிவிங்ஸ்டனின் உடலைச் சுமந்து வந்தோர் இக்கூட்டத்தைச் சந்தித்தனர். அங்கேயே அடக்கம் செய்துவிடலாம் என்னும் காமரனின் யோசனையை அவர்கள் ஏற்கவில்லை. அவர்கள் கிழக்கே சென்றனர். காமரனும் முபாரக்கும் மேற்கே சென்றனர். 1875 நவம்பரில் அட்லாண்டிக் கரையை அடைந்தனர்.

அக்கரையை அடையுமுன் காமரன் வேறுவழியின்றி அல்வெஸ் என்னும் போர்த்துக்கீசிய வணிகரின் கூட்டத்தோடு சேர்ந்து நடக்க நேர்ந்தது. ஒருநாள் அக்கூட்டத்தைச் சேர்ந்த கொயிம்ப்ரா என்பவன் ஐம்பத்திரண்டு பெண்களைக் கயிற்றில் பிணைத்து ஓட்டிவந்தான். சிலர் கைக்குழந்தைகளைச் சுமந்திருந்தனர். அவர்களைப் பிடிக்கப் பத்துக் கிராமங்களாவது அழிந்திருக்க வேண்டும் என்று காமரன் கணக்கிட்டு மனம் நொந்து எழுதுகிறார். அந்நொந்த மனத்தை நாம் ஐயுறவில்லை. அப்பெண்களுடன் அவ்வழி நடந்தவர்களுள், பன்னிரண்டு வயதில் கயிற்றோடு கில்வாவுக்கு நடந்தவரும் ஒருவர். சிப்பாய்களுக்கும் சுமைகாரருக்கும் தலைவராக அவர் அன்று துப்பாக்கி ஏந்தியிருந்தார். இப்பக்கங்களில் காமரன் தம் ஆட்களின் தீனியைப் பற்றியும் வழியின் தூரத்தைப் பற்றியும் எழுதுகிறார். முபாரக்கிடம் எதையும் கேட்டதாக எழுதவில்லை. முபாரக் 1885இல் இறந்தார்.